வளவின் பசுமை: கத்தரிக்கும் கையே காக்கும் கை

மரத்தை நட்டு, நீரூற்றி, ஆடு மாடு தின்னாமல் காவல் செய்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று எண்ணுவோர் பலர். தானாக வளரும் மரத்தைக் கத்தி கொண்டு ஏன் துன்புறுத்த வேண்டும் என்பது அவர்கள் கருத்து. வேறு சிலரோ கொப்பொன்று கூரையைத் தொட்டுவிட்டால் போதும், கோடரியை எடுத்து மரத்தை அடியோடு சாய்த்துவிட்டுத்தான் ஓய்வர். இவ்விரண்டுக்கும் இடையே நடுவழியொன்று உண்டு. வேண்டியதை வைத்து, வேண்டாததைக் களைந்து, மரத்துக்கும் மனிதனுக்கும் ஒத்துவரும்படி அதனை உருவமைத்துக் கொள்வதே அவ்வழி. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதனைக் ‘கவ்வாத்து’ என்பர். வீட்டு வளவிலே நாம் அதனைக் கத்தரித்தல் என்போம்.

இக்கலையைப் பற்றி இவ்வாரம் எழுத முற்பட்ட நாம், மன்னார்க் கரையோரத்து முள்ளிக்குளத்தை நடுவில் வைத்து எழுதுகின்றோம். அதற்குத் தக்க காரணம் உண்டு.

முள்ளிக்குளத்து மண்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் வடமேற்கு மூலையை அண்டிக் கிடப்பது முள்ளிக்குளம். ஒருபுறம் கடல்; மறுபுறம் காடு; அருகே மோதரகம் ஆறு. பெயரிலேயே ஒரு செடியையும் ஒரு நீர்நிலையையும் தாங்கி நிற்கும் இவ்வூர் மக்கள் கடற்றொழிலையும் கமத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் போரின் காரணமாக அவர்கள் அனைவரும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவ்விடத்தில் கடற்படைத் தளம் அமைந்தது. 2012இல் திரும்பிய குடும்பங்கள் தம் பழைய வளவுகளுக்குள் செல்ல இயலாமல், அயலிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் அமைத்துக் குடியேறின. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் தம் நிலத்தைக் கேட்டுத் தொடர் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படுமென அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றுக்கும் செடி கத்தரிப்பதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. இடம்பெயர்ந்தோன் ஒருவன் பல்லாண்டு கழித்துத் தன் வளவுக்குத் திரும்புவானாயின், வீட்டின் கூரை போயிருக்கும், சுவரும் சாய்ந்திருக்கும், கிணறு தூர்ந்திருக்கும். வேலி நின்ற இடமும் விளங்காது. ஆனால் புளியும் வேம்பும் மாவும் நிற்கும். இன்ன மரத்துக்குக் கிழக்கே எங்கள் அடுக்களை, இன்ன மரத்தடியில் எங்கள் திண்ணை என்று மரத்தை வைத்தே வீட்டின் இடம் அடையாளங் காணப்படும். அம்மரமோ கவனிப்பாரற்றுக் காடாகக் கிளைத்திருக்கும். அதனை வெட்டி எறிவதா, கத்தரித்து மீட்பதா என்ற வினா அப்பொழுது எழுகின்றது. மறுபுறம், வெட்டவெளியில் புதுக்கொட்டில் அமைத்தவனுக்கு நிழல் இல்லை, காற்றுத் தடுப்பில்லை. இன்று நடும் கன்றை விரைவாகவும் ஒழுங்காகவும் ஆளாக்க வேண்டும். இவ்விருவருக்குமே கத்தரிக்கும் அறிவு இன்றியமையாதது. முள்ளிக்குளத்தாருக்கு மட்டுமன்று, வடக்கிலும் கிழக்கிலும் வளவை இழந்து மீண்டும் பெற்ற யாவருக்கும் இது பொருந்தும்.

மாறாப் பசுமை எப்படி வந்தது?

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையே இக்கரைக்குக் கிடைக்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரியிலேயே பெய்து தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி ஈறாகச் சோளகக் காற்று மணலையும் உப்பையும் வாரி வீசும். இத்தகைய வறண்ட நிலத்தில் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் என்றே வெளியூரார் எண்ணுவர். ஆனால் வில்பத்துக் காட்டைப் பார்த்தோர் அறிவர்: பாலையும் வீரையும் கருங்காலியும் கடுங்கோடையிலும் பச்சையாகவே நிற்கும். தாவர அறிஞர் இதனை ‘உலர் கலப்புப் பசுமை மாறாக் காடு’ என்பர். கரடிகள் ஏறி உண்ணும் பழத்தைத் தரும் அந்தப் பாலை மரமே இக்காட்டின் அரசன். தமிழகத்தின் சோழமண்டலக் கரையிலும் கோயிற்காடுகளில் இவ்வினக் காடு எஞ்சியிருக்கின்றது. புதுச்சேரிக்கு அருகே 1968இல் தோன்றிய ஆரோவிலில் வெட்டவெளியாய்க் கிடந்த செம்மண் நிலத்தில் இதே இன மரங்களை நட்டுக் காட்டை மீட்டிருக்கின்றனர்.

பசுமை மாறா மரம் இலையே உதிர்க்காது என்பதன்று. அது சிறிது சிறிதாக உதிர்த்துச் சிறிது சிறிதாகத் துளிர்க்கும். அதன் இலை தடித்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கி, நீரைச் சிக்கனமாகச் செலவிடும். ஓர் இலையை உண்டாக்க மரம் பெரும் முதலீடு செய்கின்றது. அவ்விலை நீண்டநாள் உழைத்து அம்முதலை மீட்டுத் தருகின்றது. இங்கேதான் கத்தரிப்போன் மறவாதிருக்க வேண்டிய உண்மை அடங்கியுள்ளது. இலையுதிர் மரம் மொட்டையாக நிற்கும் காலத்தில் தன் உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்துவிட்டு உறங்குகின்றது. அப்பொழுது வெட்டினால் அதற்கு இழப்புக் குறைவு. பசுமை மாறா மரத்துக்கோ அத்தகைய உறக்கம் இல்லை. அதன் செல்வத்தில் ஒரு பங்கு எப்பொழுதும் இலையிலேயே இருக்கும். எனவே ஒவ்வொரு வெட்டும் அதன் பெட்டகத்திலிருந்து எடுக்கும் பணமாகும். ஒரே முறையில் இலைத்தொகுதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தல் ஆகாது என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது.

நுனியை வெட்டினால் ஏன் கிளைக்கிறது?

செடியின் நுனிமொட்டை நறுக்கினால் கீழேயுள்ள பக்கமொட்டுகள் விழித்துக்கொள்ளும் என்பது நம் பாட்டிமார் அனுபவத்தால் அறிந்த செய்தி. இதன் காரணத்தை 1933இல் கென்னத் திமன், போல்க் ஸ்கூக் என்னும் இரு அறிஞர் ஆய்ந்து காட்டினர். நுனிமொட்டில் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கிச் செல்கின்றது. அது செல்லும் வரை பக்கமொட்டுகள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் மூத்தவர் இருக்கும்வரை இளையவர் குரல் எழாதது போன்றது இது. நுனி நீங்கியதும் தடை நீங்கிப் பக்கங்கள் கிளைக்கின்றன. ஆகவே உயரம் வேண்டுமானால் நுனியைக் காக்க வேண்டும். அடர்த்தி வேண்டுமானால் நுனியைக் கிள்ள வேண்டும். கலை முழுவதும் இச்சிறு விதியில் அடங்கும்.

இவ்விதியின் பெருவெற்றியைக் காண நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தேயிலை இயல்பில் முப்பதடிக்கு மேலும் வளரவல்ல பசுமை மாறா மரம். 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் அதனை நட்ட நாள் முதலாக, நம் மலையகத் தொழிலாளரின் கத்தியே அதனை இடுப்பளவுச் செடியாக வைத்திருக்கின்றது. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறை அதனைக் கவ்வாத்துச் செய்வர். அதற்குமுன் வேரில் போதிய மாப்பொருள் சேமிப்பு உண்டா என்பதை அயடீன் கரைசலிட்டுச் சோதிப்பதும் உண்டு; வேர் கருநீலமாக மாறினால் செடி வெட்டைத் தாங்கும். மூச்சுவிட ஓரிரு இலைக்கொப்புகளை வெட்டாது விட்டு வைப்பதும் அங்குள்ள வழக்கம். வலிய செடிக்கே வெட்டு. மெலிந்த செடிக்கு முதலில் உணவு என்பதே இதன் பாடம்.

அழகுக்காக உருவமைத்தலும் பழைய கலையே. ரோமப் பேரரசன் அகஸ்தஸின் நண்பர் கயஸ் மாத்தியஸ் என்பவரே சோலைகளைக் கத்தரித்து அழகு செய்யும் முறையைத் தொடங்கியவர் என்று மூத்த பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதி வைத்துள்ளார். யப்பானியரோ மரத்தின் இயற்கைச் சாயல் கெடாதபடி கொப்புகளை மேகக் கூட்டங்கள் போலப் பிரித்துக் காட்டுவர். செடியை மயிலாகவும் மனிதனாகவும் வெட்டும் மோகம் இங்கிலாந்தில் எல்லை கடந்தபோது, கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713இல் அதனை எள்ளி நகையாடிக் கட்டுரை தீட்டினார். நம் வளவுக்கு மயிலும் யானையும் வேண்டா. நிழலும் காற்றும் காயும் பூவும் தரும் நல்லுருவமே போதும்.

எக்காலத்தில் வெட்டுவது?

மேலைநாட்டு நூல்கள் பனிக்காலத்தையும் வசந்தத்தையும் வைத்துக் காலம் சொல்லும். அக்கணக்கு நமக்கு உதவாது. நம் கரைக்குக் காற்றும் மழையுமே பஞ்சாங்கம்.

சோளகம் வீசும் மாதங்களில் கடும் வெட்டு அறவே கூடாது. வெளியிலை நீங்கியதும் இதுவரை நிழலிலிருந்த உள்ளிலையும் பட்டையும் வெயிலில் வெந்துபோகும். கடற்பக்கத்துக் கொப்புகளின் நுனி உப்புக்காற்றால் கருகியிருப்பதைக் கண்டு உடனே வெட்டிவிடுவோர் உண்டு. அதுவும் தவறு. கருகிய நுனியே அடுத்துள்ள பச்சைக்குக் கவசமாக நிற்கின்றது. மழை வரும்வரை அதனை விட்டு வைக்க வேண்டும்.

புரட்டாதி நடுவிலிருந்து ஐப்பசி முதல்மழை வரையுள்ள காலமே பெருவெட்டுக்கு உகந்தது. வெட்டிய சில நாளில் மழை விழும். மழையோடு துளிர் எழும். அடுத்த கோடைக்குள் துளிர் முற்றிவிடும். கார்த்திகை அடைமழையில் தடித்த கொப்புகளை வெட்டினால் ஈரப்புண்ணில் பூஞ்சணம் ஏறும். மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் துளிர்களை இலேசாக நறுக்கி ஒழுங்கு செய்து கொள்ளலாம். பட்ட கொப்பு, நோய் கண்ட கொப்பு, முறிந்து தொங்கும் கொப்பு ஆகிய மூன்றுக்கும் காலம் பார்க்க வேண்டியதில்லை.

கருவியும் வெட்டும் முறையும்

கூரிய செடிக் கத்தரிக்கோல் ஒன்று, கைவாள் ஒன்று, உயரத்துக்குக் கொக்கைச் சத்தகம் ஒன்று, இவை போதும். மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் நோய் புகும். நோயுற்ற மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் வெட்டுவாயை ஸ்பிரிற்றுத் தோய்ந்த துணியால் துடைத்துக் கொள்ளல் நன்று.

சிறு கொப்பை ஒரு மொட்டுக்குச் சற்று மேலே, மொட்டு வெளிநோக்கியிருக்கும் இடமாகப் பார்த்துச் சாய்வாக வெட்டுக. அப்பொழுது புதுத்துளிர் வெளிப்பக்கம் பரவும். நடுவில் காற்றும் ஒளியும் புகும்.

கைப்பருமனுக்கு மேற்பட்ட கொப்பை ஒரே வெட்டில் வீழ்த்தலாகாது. பாரத்தால் அது பாதி வெட்டிலேயே முறிந்து அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதலில் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேற்புறமிருந்து அறுத்தால் கொப்பு சுத்தமாக விழும். எஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டால் நீக்க வேண்டும். அம்மூன்றாவது வெட்டின் இடமே முக்கியமானது. கொப்பு அடிமரத்தோடு சேருமிடத்தில் பட்டை சற்றுப் புடைத்து வளையம்போல் இருக்கும். அந்த வளையத்துக்கு வெளியே, அதனைத் தொடாமல் வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, புண்ணைச் சுற்றித் தடுப்புச் சுவரெழுப்பி அதனை அடைத்துவிடுகின்றது என்று 1970களில் விளக்கினார். அச்சுவரை எழுப்பும் இடம் அவ்வளையமே. அதனைச் சீவிவிட்டால் தடுப்பு அமையாது; கட்டை நீண்டு நின்றாலோ அது உக்கி உள்ளே நோயை அழைக்கும். வெட்டுவாயில் தாரும் சாணியும் பூசும் பழக்கத்தால் பெரும் பயன் இல்லையென்பதும் அவர் ஆய்வின் முடிவு. ஆனால் திடீரென வெயிலுக்கு வெளிப்பட்ட தடித்த கொப்புகளுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுவது வேறு செய்தி. அது வெயிற்சூட்டைத் தடுக்கும்.

வேலியும் பூஞ்செடியும்

புதுக்குடியிருப்பில் முதலில் வேண்டுவது காற்றுத் தடுப்பு. மதிலைக் காட்டிலும் உயிர்வேலி இதற்குச் சிறந்தது. மதிலில் மோதும் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழும். செடிவேலியோ காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைத்து விடும். வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை அதன் காவல் எட்டும்.

பூவரசு உப்பையும் மணலையும் தாங்கும் கரையோர மரம். கதியாலாக நட்டாலும் வேர்விடும். எவ்வளவு வெட்டினாலும் தளிர்க்கும். வெட்டிய குழை ஆட்டுக்கும் வயலுக்கும் உதவும். கிளுவையோ கோடையில் இலையுதிர்ப்பது. அதனை மட்டும் நம்பினால் காற்று மிகுந்த காலத்தில் வேலி வெறுமையாகும். இரண்டையும் கலந்து நடுவது அறிவுடைமை. மருதோன்றி, வெட்சி, நந்தியாவட்டை, செவ்வரத்தை ஆகியவை கத்தரிக்கக் கத்தரிக்க அடர்ந்து வரும். சவுக்கை இளமையிலிருந்தே நறுக்கி வந்தால் நல்ல வேலியாகும். முற்றிய அடியில் வெட்டினால் அது மீண்டும் தளிர்ப்பது அரிது.

வேலிச்செடியை ஓரடி முதல் ஒன்றரையடி இடைவெளியில் நட்டு, வேரூன்றியதும் நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் துணிந்து நறுக்கிவிட வேண்டும். இவ்வளவு நாள் வளர்த்ததை வெட்டுவதா என்று கை கூசும். கூசலாகாது. அப்பொழுதுதான் அடியிலேயே கிளைக்கும். முதலில் உயரவிட்டுப் பின் நறுக்கினால் மேலே குடையும் கீழே ஓட்டையுமாக நிற்கும். கோழியும் நாயும் அவ்வழியே புகும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

இன்னொன்று: வேலியின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்க வேண்டும். தலை அகன்றால் அடிக்கு வெயில் படாது; அடியிலை உதிர்ந்து வேலி கால்தெரிய நிற்கும். இருபுறமும் கயிறு கட்டி அளந்து நறுக்கினால் கோணல் வராது.

பெண்கள் விரும்பும் குண்டுமல்லிகையைப் பற்றியும் ஒரு சொல். நம் கரைக்கு எதிரே இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்திலிருந்தே தமிழகமெங்கும் மல்லிகைப் பதியன்கள் செல்கின்றன. அங்குள்ளோர் கார்த்திகையில், நவம்பர் இறுதி வாரத்தில், செடியை நிலத்திலிருந்து ஒன்றரையடி அளவில் கத்தரிப்பர். மல்லிகை புதுத்துளிரின் நுனியிலேயே பூக்கும்; கத்தரிக்காத செடி கொடியாக ஓடி இலையை மட்டும் காட்டும்.

அலரியைக் கத்தரிப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. வெட்டிய குழையை ஆடு எட்டும் இடத்தில் போடலாகாது. எரிக்கவும் ஆகாது, புகையும் தீங்கு செய்யும். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுக.

கறிக்கும் கனிக்கும்

கறிவேப்பிலைக் கன்று மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி, ஐந்தாறு கொப்புகள் வரும்படி செய்க. இலை பறிப்போர் ஈர்க்கை உருவாமல், கொப்பின் நுனியோடு நறுக்கி எடுத்தால் பறிப்பதே கத்தரிப்பாகிவிடும். பூவும் காயும் தோன்றியதும் நீக்கினால் இலை மிகும்.

தேசிக்குக் கடும் வெட்டுப் பிடிக்காது. ஒட்டுக்குக் கீழே எழும் துளிரையும், நடுவில் நேராகப் பாயும் தண்ணீர்க் கொப்பையும், உராயும் கொப்பையும் நீக்கினால் போதும். கொய்யா இதற்கு எதிரானது. புதுத்துளிரிலேயே காய்ப்பதால் காய் ஓய்ந்ததும் நுனிகளை நறுக்கினால் அடுத்த காய்ப்புப் பெருகும்.

மாங்கன்று மூன்றடி வந்ததும் தலையைக் கிள்ளி, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு திசைநோக்கிய மூன்று நான்கு கொப்புகளை மட்டும் சட்டமாக வளரவிடுக. காய்க்கும் மரத்தில் பறித்து முடிந்ததும் காய்ந்த பூங்காம்புகளை நீக்கலாம். பெரிய கொப்பை எடுப்பதாயின் புரட்டாதி வரை பொறுத்திருக்க வேண்டும். மா முற்றிய நுனியிலேயே பூப்பதால், வெட்டுண்ட கொப்புகள் வரும் ஆண்டில் பூக்காமல் போகலாம் என்பதை முன்னரே மனங்கொள்க. மன்னார் மணலுக்கு ஏற்ற மரமுந்திரிகையிலும் முதலாண்டுகளில் அடிமரத்தை இரண்டு மூன்றடிக்குத் துப்புரவாக வைத்தால் பிற்பாடு கொட்டை பொறுக்குவது எளிது.

பனைக்கும் தென்னைக்கும் இவ்விதிகள் எவையும் பொருந்தா. அவற்றுக்கு ஒரே குருத்து. அது போனால் மரமே போகும். காய்ந்த ஓலையையும் மட்டையையும் மட்டும் எடுக்கலாம். பெண்பனையை அனுமதியின்றித் தறித்தல் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குற்றமுமாகும். பலாவும் ஈரப்பலாவும் அச்சட்டத்தின் காவலில் உள்ளவை.

கைவிடப்பட்ட மரத்தை மீட்பது எப்படி?

இப்பொழுது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பத்துப் பதினைந்து ஆண்டு மனிதக் கை படாத வளவு. மாவின் நடுவில் கொடி படர்ந்திருக்கின்றது. புளியின் கொப்பு நிலத்தைத் தொடுகின்றது. செவ்வரத்தை பதினைந்தடி உயர்ந்து உச்சியில் மட்டும் பூக்கின்றது. கண்டவுடன் எல்லாவற்றையும் எரித்துத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் வரும். பொறுமை வேண்டும்.

முதலில் காப்பு. போர்க்காலத்தில் மக்கள் புழங்காத நிலமாயின், வெடிபொருள் அகற்றப்பட்டது என்ற உறுதி அதிகாரிகளிடமிருந்து கிடைக்கும்வரை பற்றைக்குள் கால்வைத்தல் ஆகாது. பின்னர் ஓரத்திலிருந்து உள்நோக்கி, அடியைத் திறந்துகொண்டு செல்க. பாம்பு ஒதுங்க வழி கிடைக்கும். கூடும் குஞ்சும் உள்ள கொப்பைக் குஞ்சு பறக்கும்வரை விட்டு வைப்பது இல்லறத்தார்க்கு அழகு.

முதலாண்டில் கொடியையும் பட்ட கொப்பையும் நோய்க் கொப்பையும் மட்டும் களைக. இதைச் செய்து முடித்ததும் மரத்தின் உருவம் பாதி தெரிந்துவிடும். நல்ல கொப்பில் அவ்வாண்டு கைவைக்க வேண்டியதில்லை. மட்கிய சாணமும், வெட்டிய குழையும் வேரைச் சுற்றி இடுக. மணல் நிலத்தில் இக்குழையே பொன். மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தைத் தொடாமல் சிறிது விலக்கி வைத்தால் ஈரம் காயாது.

இரண்டாம் ஆண்டில் ஒன்றையொன்று உராயும் கொப்புகளுள் வலியதை வைத்து மற்றதை எடுக்க வேண்டும். மிக உயர்ந்ததைக் குறைப்பதாயின் நட்ட நடுவில் தறித்து மொட்டையாக்கலாகாது. அங்கே விளக்குமாறுபோல் மெல்லிய துளிர்கள் கிளம்பி அடுத்த காற்றில் ஒடியும். கொப்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்கேனும் உள்ள பக்கக்கொப்பு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மேலே வெட்டினால் அப்பக்கக்கொப்பு தலைமையை ஏற்கும்.

மூன்றாம் ஆண்டில் எஞ்சியதைச் சீர்செய்து வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரலாம். செவ்வரத்தை, நந்தியாவட்டை போன்ற பற்றைச் செடிகளில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குப் பழைய தண்டுகளை அடியோடு நீக்கி வந்தால், மூன்றாண்டில் செடி முழுவதும் புதுத்தண்டாகிவிடும். வேம்பு கடும் வெட்டையும் தாங்கும். புளியைக் கூடியவரை அதன் போக்கில் விடுவதே நன்று. வேரூன்றிக் காற்றை எதிர்த்து நின்ற மரத்தின் சமநிலையைக் கெடுத்தலாகாது. கூரைமேல் சாயும் கொப்பை மட்டும் எடுத்தால் போதும். பெருமரத்தில் ஏறும் வேலைக்கு அனுபவமுள்ளவரை அழைத்தலே முறை; மின்கம்பி அருகிலிருப்பின் மின்சார சபையாருக்கு அறிவித்த பின்னரே கத்தி எடுக்க வேண்டும்.

மூன்றாண்டு என்பது நெடுங்காலம் என்று சிலர் சலிக்கலாம். கணக்குப் பார்ப்போம். பழைய மாவை மீட்க மூன்றாண்டு. அதனைத் தறித்துவிட்டுப் புதுக்கன்று நட்டால் ஒட்டுமரம் காய்க்கவே மூன்று நான்கு ஆண்டு செல்லும். அம்மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கும் நிழலுக்கு இருபதாண்டு செல்லும். நாற்பது வயதில் ஊரை விட்டவர் அறுபதில் திரும்பினால் அவருக்கு அந்த இருபதாண்டை யார் கொடுப்பார்? வீட்டைக் கல்லும் சீமெந்தும் கொண்டு ஒரே ஆண்டில் கட்டிவிடலாம். நிழலைக் கட்ட முடியாது. உடைமைகளுள் காசு கொடுத்து உடனே வாங்க முடியாதது முதிர்ந்த மரமொன்றே.

ஆதலின் வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கோடரியை எடுக்குமுன் ஒருமுறை மரத்தைச் சுற்றி வாருங்கள். எந்தக் கொப்பு இடையூறு, எந்தக் கொப்பு நிழல், எது பட்டது, எது துளிர்க்கும் என்று பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் உடன் அழைத்துக் காட்டுங்கள். மலங்காட்டுக் கொட்டிலின் முன் நிற்கும் ஒன்றரையடிப் பூவரசங் கதியாலுக்கும், பழைய ஊரின் புளிக்கும் வேண்டுவது ஒன்றே: ஆண்டுதோறும் மழைக்குமுன் வந்து பார்க்கும் ஒரு கண்ணும், அளவறிந்து வெட்டும் ஒரு கையும். புரட்டாதி பிறந்ததும் கத்தரிக்கோலைத் தீட்டி வையுங்கள்.